மதிப்பெண் போடாத ஆண்டு

ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே ஆசிரியர் அறைக்குள் வந்தார் சாந்தி. முகக்கண்ணாடியை மட்டும் மேலே தள்ளிவிட்டிருந்தார். கையில் ஒரு தாள். மழையில் கொஞ்சம் நனைந்து, நான்காக மடிக்கப்பட்டு, மறுபடி விரிக்கப்பட்ட தாள்.

ஓய்வு நேரம். என் முன்னால் பாதி பிரித்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம். டெங்கிக் காய்ச்சலில் இரண்டு வாரம் படுத்துக் கிடந்துவிட்டு அன்றுதான் பள்ளிக்குத் திரும்பியிருந்தேன். வாயில் எல்லாமே கசந்தது, காரச் சம்பல்கூட.

“டீச்சர், இது எம்பொண்ணு ஸ்லிப்புதானா? இல்ல, வேற யாரோடதயாச்சும் மாத்திக் கொடுத்துட்டாங்களா?”

வாங்கிப் பார்த்தேன். திவ்யா, ஐந்தாம் ஆண்டு. தமிழ்மொழி, எழுத்து: நிலை 2.

எங்கள் பள்ளிகளில் இப்போது ஒன்றிலிருந்து ஆறு வரை தேர்ச்சி நிலை கொடுக்கிறோம். ஒன்று என்றால் பிள்ளை இன்னும் தடுமாறுகிறது. ஆறு என்றால் மற்றவர்களுக்கு முன்மாதிரி. முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளின் கட்டுரைகளைப் படித்துவருகிறேன். யாருக்காவது ஆறு கொடுக்க வேண்டுமானால் அது திவ்யாவுக்குத்தான்.

“நல்லா எழுதுறா, நல்லா எழுதுறான்னு நீங்கதான் சொன்னீங்க. நானும் நம்பிட்டேன் லா. மேத்ஸ விட்டுட்டு எந்நேரமும் எழுதிக்கிட்டே இருப்பா, சரி போகட்டும்னு விட்டேன். இப்ப ரெண்டு. அதான் இனிமே எழுதவே வேணாம்னு சொல்லிட்டேன். அவ எழுதி வச்ச நோட்டெல்லாம் கட்டி அலமாரி மேல போட்டுட்டேன். நான் செஞ்சது தப்பா டீச்சர்?”

திருதிருவென்று விழித்தேன். ஏனென்றால் நான் திவ்யாவுக்கு எந்த நிலையும் கொடுக்கவே இல்லை. அந்த வகுப்பில் யாருக்குமே கொடுக்கவில்லை.

“உக்காருங்கம்மா, பாத்துச் சொல்றேன்,” என்று அவரை உட்காரவைத்துவிட்டு நோட்டு அலமாரியைத் திறக்கப் போனேன்.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் என் மாமியாரின் மீன் குழம்பைப் பற்றி எழுதப்போய் வீட்டில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். இந்த வாரம் என்னையே வம்புக்கு இழுக்கிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

பாலோவில் நோட்டு அடுக்கு

நான் படித்தது பாலோவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பள்ளியில். எங்கள் வாத்தியார் நல்லவர்தான். கட்டுரை நோட்டுகளைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் மட்டும் அவருக்குள் ஏதோ புகுந்துவிடும். அதிக மதிப்பெண் மேலே, குறைந்தது அடியில் என்று அடுக்கி வைத்துக்கொண்டு, பெயரையும் எண்ணையும் உரக்கச் சொல்லி ஒவ்வொன்றாகக் கொடுப்பார். கையிலிருக்கும் அடுக்கு குறையக் குறைய, மிச்சமிருப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லெட்சுமிக்கு நிஜமாகவே கலக்கும். வாத்தியார் அடுக்கைத் தூக்கியதும், “சார், ஒண்ணுக்கு,” என்று எழுந்துவிடுவாள். திரும்பி வரும்போது நோட்டு அவள் இடத்தில் கிடக்கும். கடைசி நோட்டு அவளுடையதுதான் என்று எல்லோருக்கும் தெரியும். தன் காதால் கேட்காமல் இருந்தால் போதும் அவளுக்கு. ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்திவிட்டாள்.

நான் பெரும்பாலும் நடுவில் இருப்பேன். நடுவில் இருப்பவர்களை யாரும் திட்டுவதில்லை, ஞாபகம் வைத்துக்கொள்வதும் இல்லை.

ஆசிரியை ஆனால் இந்த அடுக்கு வேலையைச் செய்யக் கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன். அதற்குப் பதிலாக என்ன செய்வது என்று மட்டும் யோசிக்கவில்லை. பத்து வயதில் அவ்வளவுதான் ஓடும்.

மெர்சிங்கில் பேரம்

முதல் வேலை மெர்சிங்கில். படகுத்துறை பக்கத்திலேயே. ஜன்னலைத் திறந்தால் கருவாட்டு வாடை வகுப்புக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இளரத்தம் அல்லவா, புதுமை செய்யாமல் இருக்க முடியவில்லை. மதிப்பெண்ணைப் பென்சிலால் போடுவேன், ஒத்துக்கொள்ளாதவர்கள் காரணம் சொன்னால் மாற்றுவேன் என்று அறிவித்தேன். ஒரே வாரத்தில் வகுப்பு மீன் சந்தை ஆகிவிட்டது. “ரெண்டு கூட்டிப் போடுங்க லா டீச்சர்!” “அவளுக்கு மட்டும் கூட்டுனீங்க!” ஒருத்தி தன் தங்கையைக் கூட்டிவந்து என் முன்னால் அழவைத்தாள்.

வாய் இருந்தவர்கள் மேலே போனார்கள். வாயில்லாப் பூச்சிகள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். தலைமையாசிரியர் கூப்பிட்டு, “ஏம்மா, இது பள்ளியா பசாரா?” என்றார். மறுநாளே பேனாவுக்கு மாறினேன். பிறகு ஜொகூர் பாருவுக்கு மாற்றலாகி வந்து, பல ஆண்டுகள் எல்லோரையும் போல, சிவப்பு மை, வட்டம், எண் என்று இருந்துவிட்டேன்.

சிவப்புப் பேனாவுக்கு விடுமுறை

என்னை மறுபடி கிளப்பிவிட்டவை பேனாக்கள்தான். ‘நான் ஒரு பேனா’ என்று தலைப்புக் கொடுத்தால், பேனா கோலாலம்பூரில் ஒரு தொழிற்சாலையில் பிறக்கும். லாரி ஏறிக் கடைக்கு வரும். குமரன் வாங்குவான். கடைசியில் குப்பைத் தொட்டியில் கிடந்து கண்ணீர் வடிக்கும். முப்பது பிள்ளைகள் எழுதினால் முப்பது குப்பைத் தொட்டிகள். அப்படி எழுதினால்தான் மதிப்பெண் என்று சொல்லிக்கொடுத்தவர்கள் நாங்கள்தான்.

பெருந்தொற்று முடிந்து பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பிய சில ஆண்டுகளுக்குப் பின், ஓர் ஐந்தாம் ஆண்டு வகுப்பு எனக்குக் கிடைத்தது. இருபத்தெட்டுப் பேர். முதல் நாளே சொன்னேன்.

“இந்த வருஷம் கட்டுரைக்கு நம்பர் கெடையாது. நீங்க எழுதுங்க. நான் படிச்சிட்டு எனக்கு என்ன தோணுதோ அத எழுதுறேன்.”

எஸ்தர் கையைத் தூக்கினாள்.

“அப்ப யாரு ஃபர்ஸ்ட்டுன்னு எப்படித் தெரியும் டீச்சர்?”

“தெரிய வேணாம்.”

“அலமாக்!” என்றாள் எஸ்தர், தலையில் கைவைத்துக்கொண்டு. அதற்கு முந்திய ஆண்டு நிலை ஒன்றில் இருந்தவள் அவள். முதல் இடத்தைப் பற்றி அவளுக்கு ஏன் கவலை என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

ஆனால் முறை வேலை செய்தது. மூன்று வரிக்கு மேல் எழுதாத எஸ்தர் அரைப் பக்கம் எழுதினாள். ‘நான் ஒரு ஏர்கோன்’. தேவாலயத்துச் சுவரில் மேலே இருக்கும் குளிர்சாதனம், பிரசங்க நேரத்தில் யார் யார் தூங்குகிறார்கள் என்று பார்த்துச் சொல்கிறது. முதலில் தூங்குவது எஸ்தரின் அப்பா. எழுத்தெல்லாம் கோணல், பாதிச் சொற்கள் பிழை. திருத்தினால் எழுதுவதை நிறுத்திவிடுவாளோ என்று பயந்து, ‘சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது!’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரித்த முகம் வரைந்தேன்.

திவ்யா எழுதியது ‘நான் ஒரு ஹெல்மெட்’. அவள் அம்மா சாந்தி தினமும் மோட்டோவில் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். அந்த அம்மாவின் ஹெல்மெட் பேசுகிறது.

‘பாலத்தில் ஜாம். அம்மா எனக்குள் மெல்லப் பாடுகிறார். சிங்கப்பூர்ப் பக்கம் போனதும் பாட்டு நின்றுவிடும். ஒரு நாள் வெளியே மழை இல்லை. ஆனால் என் கண்ணாடி உள்பக்கம் நனைந்தது.’

படித்ததும் மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. பத்து வயதுப் பிள்ளை இது! என் பேனா சும்மா இருக்குமா? ஓரமெல்லாம் எழுதித் தள்ளினேன். அம்மா என்ன பாட்டுப் பாடுவார்? ஏன் அந்தப் பக்கம் போனதும் நிறுத்துகிறார்? கண்ணாடி நனைந்த நாளில் என்ன நடந்தது? திரும்பி வரும்போதும் பாடுவாரா? இப்படி ஏழோ எட்டோ கேள்விகள். ஆண்டு முழுவதும் அவளுடைய ஒவ்வொரு கட்டுரைக்கும் அப்படித்தான் எழுதினேன். இன்பமான வேலை அது.

கை செய்த வேலை

ஆண்டு இறுதி வந்தது. நம்பர் கிடையாது என்று நான் வீராப்பாகச் சொன்னாலும் கணினி விடுமா? எல்லோருக்கும் ஒரு நிலை ஏற்றியாக வேண்டும். பிள்ளைகளையே கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. தங்களுக்கு எந்த நிலை பொருத்தம் என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெரிதாக எழுதச் சொன்னேன். காரணத்தைப் பின்னட்டையின் உள்பக்கத்தில் எழுத வேண்டும். அவற்றை நிதானமாகப் படித்துவிட்டு நான் என் முடிவை எடுப்பதாக எண்ணம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பிள்ளையின் நோட்டில் எந்தப் பக்கத்தில் எழுத்து தெரிந்தாலும் அடியில் சுருக்கொப்பமும் தேதியும் போட்டுவிடுவோம். மேற்பார்வைக்கு வருகிறவர்கள் ‘இந்தப் பக்கத்தை ஏன் பார்க்கவில்லை’ என்று கேட்டுவிடக் கூடாது. படித்தோமோ இல்லையோ, ஒப்பம் இருக்க வேண்டும். அன்று எனக்கு மண்டையைப் பிளக்கும் தலைவலி. இருபத்தெட்டு நோட்டையும் அடுக்கி, கடைசிப் பக்கங்களில் வரிசையாக ஒப்பம் போட்டுத் தள்ளினேன். ஒரு காரணத்தையும் படிக்கவில்லை. மறுநாள் மருத்துவமனையில் கிடந்தேன்.

எனக்குப் பதிலாக நிலைகளைக் கணினியில் ஏற்றியவள் பரமேஸ், பக்கத்து வகுப்பு ஆசிரியை. தங்கமான பெண். காய்ச்சலில் கிடப்பவளைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று என் மேசையிலிருந்த நோட்டுகளைத் திறந்திருக்கிறாள். கடைசிப் பக்கத்தில் பெரிய எண். அடியில் என் ஒப்பம், தேதி.

“அக்கா, உங்க சைன் இருந்துச்சே!” என்றாள், நான் போய்க் கேட்டதும், கிட்டத்தட்ட அழுதுகொண்டு.

என் சைன்தான். அவளைத் திட்ட எனக்கு என்ன வாய் இருக்கிறது?

இருபத்தாறு பேர் மூன்று, நான்கு, ஐந்து என்று நியாயமாகவே எழுதியிருந்தார்கள். நானாக இருந்தாலும் ஏறக்குறைய அதையே போட்டிருப்பேன். தடம்புரண்டவை இரண்டுதான். திவ்யா 2. எஸ்தர் 6.

நாற்பத்தொன்று

ஆசிரியர் அறையில் சாந்தி இன்னும் காத்துக்கொண்டிருந்தார். திவ்யாவின் கட்டுரை நோட்டை எடுத்து, பின்னட்டையைத் திருப்பினேன். அழகான கையெழுத்து.

‘டீச்சர் எனக்கு இந்த வருடம் 41 கேள்விகள் எழுதியிருக்கிறார். எஸ்தருக்கு ஒன்றுகூட இல்லை, சிரித்த முகம்தான். கேள்வி இருந்தால் நான் ஏதோ சரியாக எழுதவில்லை என்று அர்த்தம். இப்போது சின்னதாக எழுதப் பழகுகிறேன். கடைசிக் கட்டுரையில் கேள்வி வரவில்லை. அதனால் 1 போடாமல் 2 போட்டேன்.’

கடைசிக் கட்டுரையைப் புரட்டினேன். ‘இயற்கையின் அழகு’. சூரியன் உதிக்கிறது, பறவைகள் பாடுகின்றன, மலர்கள் மலர்கின்றன. அரைப் பக்கம். அடியில் என் கையால் ‘நன்று’. பிள்ளை களைத்துப்போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அப்படி எழுதியது ஞாபகம் வந்தது. காதெல்லாம் சுட்டது. வெட்கமா, காய்ச்சலின் மிச்சமா, தெரியவில்லை.

ஹெல்மெட் கட்டுரையைத் திறந்து சாந்தியிடம் நீட்டினேன். அப்போதுதான் அவர் தன் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மெதுவாகப் படித்தார். படித்து முடித்தும் தலை நிமிரவில்லை.

“இத எங்கிட்ட காட்டவே இல்ல டீச்சர். நான் பாடுறது இவளுக்கு எப்படித் தெரியும்? யாருக்குமே தெரியாது.”

பிறகு ஓரத்திலிருந்த என் கேள்விகளை விரலால் தடவிக்கொண்டு கேட்டார்.

“இதெல்லாம் தப்புன்னு போட்டதா?”

“இல்லம்மா. தெரிஞ்சிக்கணும்னு கேட்டது. நல்ல எழுத்தப் படிச்சாத்தான் கேக்கத் தோணும்.”

“அத அவகிட்ட சொன்னீங்களா?”

சொல்லவில்லை. ஓராண்டு முழுக்க ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

“நம்பர் போட்டிருந்தாலாச்சும் புரிஞ்சிருக்கும்,” என்றார் சாந்தி. கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அதிகமாக வலித்தது. “சரி பண்ணிக் கொடுங்க டீச்சர். நோட்டெல்லாம் எறக்கித் தந்துர்றேன்.”

இரண்டு சாட்சிகள்

தலைமையாசிரியரிடம் போனேன். வெள்ளிக்கிழமை வரை திருத்தலாம் என்றார். “ஆனா ஒரு பொண்ணுக்கு மட்டும் மாத்த முடியாதும்மா. ஏன்னு கேப்பாங்க. தப்புன்னா முழு லிஸ்டையும் பாருங்க.”

முழு லிஸ்ட் என்றால் எஸ்தரும்தான். திவ்யாவை ஏற்றினால் அவளை இறக்க வேண்டும். என் மனசாட்சிப்படி எஸ்தருக்கு மூன்று. ஒன்றிலிருந்து மூன்றுக்கு வந்ததே பெரிய காரியம். ஆனால் ஆறைப் பார்த்தவர்களிடம் மூன்றை எப்படி நீட்டுவது? இரண்டு நாள் பள்ளிக்கு வந்தேன், போனேன், ஒன்றும் செய்யவில்லை. எஸ்தரை அப்படியே விட்டுவிட்டால் யாருக்கு நஷ்டம் என்றுகூட யோசித்தேன். அவளோடு படித்து, அவளைவிட நன்றாக எழுதியும் ஐந்து வாங்கியவர்களுக்கு நஷ்டம் என்று மறுபடி நானே பதில் சொல்லிக்கொண்டேன்.

எஸ்தரின் அப்பா சாமுவேல் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர். மகளை ஏற்றிக்கொள்ளப் பள்ளி வாசலில் பஸ்ஸை நிறுத்தியிருந்தார். என்னைக் கண்டதும் குதித்து இறங்கினார்.

“ஸ்தோத்திரம் டீச்சர்! ஒடம்பு எப்படி இருக்கு? எஸ்தர் ஸ்லிப்ப லேமினேட் பண்ணி வச்சிருக்கேன். ஞாயித்துக்கெழம சபையில எந்திரிச்சி நின்னு சாட்சியே சொல்லிட்டேன். படிக்கவே வராதுன்னு நெனச்ச புள்ளைக்கு ஆண்டவர் ஆறு குடுத்தாருன்னு. எல்லாரும் கை தட்டுனாங்க!”

ஆண்டவர் கொடுக்கவில்லை, எஸ்தரே கொடுத்துக்கொண்டாள் என்று எப்படிச் சொல்வது? எப்படியோ சொன்னேன். என் ஒப்பத்தைப் பற்றியும் சொன்னேன். எஸ்தர் பக்கத்தில் கெரோபோக் வறுவல் தின்றுகொண்டு எல்லாவற்றையும் கேட்டாள்.

சாமுவேல் தலையைச் சொறிந்தார். “சாட்சி சொல்லிட்டேனே டீச்சர்...” காலால் பஸ் சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டினார். “சரி. வர்ற ஞாயித்துக்கெழம மறுபடி எந்திரிச்சி மூணுன்னு சொல்லிடுறேன். ஆண்டவருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும். எனக்குத்தான் லேட்டு.”

“போன வருஷம் நான் ஒண்ணுதானே?” என்றாள் எஸ்தர். “அப்ப ரெண்டு ஏறியிருக்கேன் பா!”

மறுநாள் காலையில் யாரும் கேட்காமலே அரைப் பக்கம் எழுதிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். ‘நான் ஒரு ஸ்லிப்’. லேமினேட் செய்ததால் மூச்சு முட்டும் ஸ்லிப். இந்தத் தடவை பிழைகளைத் திருத்தினேன். எட்டிப் பார்த்துவிட்டு, “அலமாக், இவ்வளவா!” என்று நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். இறக்கிவிடப்பட்ட பிள்ளை எழுதிக்கொண்டே இருந்தது.

ஆறு

வெள்ளிக்கிழமை திருத்தம் முடிந்தது. புதிய ஸ்லிப்பைத் திவ்யாவிடம் நானே கொடுத்தேன். நாற்பத்தொரு கேள்விகளும் பிழைக்காகக் கேட்கப்பட்டவை அல்ல, பிடித்ததால் கேட்கப்பட்டவை என்று விளக்கினேன். கவனமாகக் கேட்டாள். ஆறைப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைக் கண்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாந்தியும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். நோட்டுகளை அலமாரி மேலிருந்து இறக்கிவிட்டதாக அன்றே குரல்பதிவு அனுப்பினார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நிம்மதியாக மூச்சு விட்டேன்.

அடுத்த வாரம் கட்டுரைப் பாடம். எல்லோரும் எழுதினார்கள். திவ்யா தலைப்பை எழுதி, அடிக்கோடு போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். பாடம் முடிந்ததும் பக்கத்தில் கூப்பிட்டேன்.

“ஏம்மா எழுதல?”

“அதான் ஆறு வந்துருச்சே டீச்சர்.”

“வந்தா என்ன?”

“மறுபடி எழுதி கொறஞ்சிட்டா? ஆறுலயே இருக்கட்டும் டீச்சர்.”

இரண்டு கொடுத்தபோது அம்மா சொல்லி எழுதுவதை நிறுத்தினாள். ஆறு கொடுத்ததும் தானாகவே நிறுத்துகிறாள். நம்பர் போடாதபோதும் எழுதப் பயந்தாள். நான் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அந்தப் பிள்ளையின் மேல்தான் மோதுகிறேன்.

“நம்பர மறந்துடு,” என்றேன். “நீ எழுது, எனக்கு மட்டும் காட்டு. நான் கேள்வி கேப்பேன். கேள்வி கேட்டா எனக்குப் புடிச்சிருக்குன்னு அர்த்தம். அதான் சொன்னேனே?”

“ஆமா டீச்சர், சொன்னீங்க.” யோசித்தாள். பிறகு பென்சிலைக் கையில் எடுத்தாள். “அப்ப எத்தன கேள்வி வந்தா ஆறு?”

அவள் கேலி செய்யவில்லை. குறித்துக்கொள்ளத்தான் பென்சிலை எடுத்தாள். பதிலுக்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே அடுத்த வகுப்புப் பிள்ளைகள் வரிசையில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“தெரியலம்மா,” என்றேன். முப்பது ஆண்டுகளில் ஒரு பிள்ளையிடம் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

திவ்யா பென்சிலைப் பெட்டிக்குள் போட்டு மூடினாள்.

“பரவால்ல டீச்சர். தெரிஞ்சதும் சொல்லுங்க, எழுதுறேன்,” என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு போனாள்.